நான் போட்டிருந்தது காட்டன்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் நாற்பது தப்படி. அலை ஏறும் மாதங்களில் முப்பது. என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நான் கடலுக்குப் போகிறவன். கொண்டுவருகிற மீனை மனைவி பெசன்ட் நகரில் ரோட்டோரம் வைத்து விற்கிறாள். மகள் அப்போது ஏழாவது முடித்திருந்தாள். மே மாதம். கத்திரி வெயில். எங்கள் வீட்டுக்கு மேலே சிமெண்ட் ஷீட். ஃபேன் போட்டால் அனலைத்தான் கீழே தள்ளும்.

மகளோடு படிக்கிற பிள்ளைகள் லீவில் வாட்டர் பார்க் போய்விட்டு வந்து கதை சொல்லியிருக்கிறார்கள். இவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"எல்லாரும் போய்ட்டாங்க நைனா. நான் மட்டும்தான் போவல."

"தண்ணிதானே? கடல் இதோ கீதே."

"கடல்ல என்னை எறங்க வுட்டியா நீ?"

எட்டு வயதில் ஒரு நாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். இழுத்து வந்து முதுகில் இரண்டு வைத்தேன். அவள் மறக்கவில்லை.

மனைவியின் தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். "நான் இட்டுனு போறேன் மாமா" என்றான். ஒரு நாள் காற்று சரியில்லை, படகு இறக்கவில்லை. அன்று போனோம். நான், மனைவி, மகள், மச்சான். நாலு பேர். திருவான்மியூர், கொட்டிவாக்கம் தாண்டி ஈ.சி.ஆரில் நேராகத் தெற்கே. பார்க்கின் பேர் வேண்டாம்.

மனைவி விடிவதற்கு முன்பே எழுந்து புளிசோறு கட்டியிருந்தாள். நெத்திலி வறுத்திருந்தாள். முட்டை அவித்திருந்தாள். இரண்டு தூக்கு, ஒரு டப்பா.

கேட்டிலேயே பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டோம்மா."

"வெளிச் சாப்பாடு இல்லப்பா. நான் செஞ்சது."

செக்யூரிட்டி டப்பாவின் மூடியைத் தூக்கினான். மூக்கைச் சுளித்தான்.

"ஐயே, மீனா?"

"மீனுதான். நீ துன்னதே இல்லியா?"

அவன் தூக்கையும் டப்பாவையும் வாங்கினான். ஒரு மேசைமேல் வைத்தான். ஏற்கெனவே அங்கே பத்துப் பதினைந்து தூக்குகள் இருந்தன. நிழல் இல்லை. ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தான். போகும்போது வாங்கிக்கொள்ளலாமாம். வெயிலில் வைத்த சோறு சாயங்காலம் என்ன ஆகும் என்று சமைத்தவளுக்குத் தெரியும். மேசை போட்டவனுக்குத் தெரியாதா? உள்ளே அவர்கள் கடை இருக்கிறது. அங்கே வாங்கித் தின்ன வேண்டும். அதற்குத்தான் இந்த மேசை.

உள்ளே போனதும் ஒரு போர்டு. புடவைக்கு மேல் சிவப்பில் பெருக்கல் குறி. லுங்கிக்கு மேல் ஒன்று. ஜீன்ஸுக்கு மேல் ஒன்று. நைலான் மட்டும்தான் போடலாம் என்று எழுதியிருந்தது. கவுண்டரில் இருந்தவனிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்குப்பா நைலானு?"

"காட்டன்ல நூல் பிரியும்ணே. மெஷின்ல போய் அடைச்சுக்கும்."

அது நியாயம். மெஷினுக்கு என்று சில பத்தியம் உண்டு. என் படகு எஞ்சினுக்கும் உண்டு. நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. வாடகைக்கு நைலான் தருகிறோம் என்று ஒரு கூடையைக் காட்டினான். கறுப்பு டவுசர்கள். சிலது இன்னும் ஈரம் காயவில்லை. நேற்று எவனோ போட்டுக் கழற்றியது.

"எனக்கு வேணாம்" என்றேன்.

மச்சான் சிரித்தான். "மாமா, கடல்ல அம்மாம் மீனும் மூத்தரம் போவுது. அதுலயே முங்கிக்கினு கீற. இதுக்கு இன்னா?"

"மீனு டவுசர் போட்டுக் கழட்டிக் குடுக்கல."

"பேஜாரு புடிச்ச மனுசன் அக்கா உன் வூட்டுக்காரு."

"அது அப்படித்தான். நீ வா" என்றாள் அவள்.

அவளும் மகளும் போய் நைலான் மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஊதா நிறத்தில் சட்டை மாதிரி ஒன்று, முட்டிக்குக் கீழே வரைக்கும் கால்சட்டை. மனைவி முதலில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். அவள் வயதுப் பெண்கள், அவளைவிட மூத்த பெண்கள், எல்லோரும் அதே ஊதாவில்தான் நின்றார்கள். துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு நடந்தாள். அவள் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்து வெகு நாளாகிறது.

பைகள், செருப்புகள், செல்போன், எல்லாம் என் மடியில். வேவ் பூல் என்று ஒரு குளம். அதன் ஓரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். லுங்கி கட்டியிருந்தேன். உள்ளே கடலுக்குப் போடுகிற அரை டவுசர். காட்டன்.

வேவ் பூலில் ஒரு பக்கம் மண் கரை மாதிரி சரிவு. போகப் போக ஆழம். நடுவில் மிதவை கோத்த கயிறு கட்டியிருந்தார்கள். உயரமான நாற்காலியில் லைஃப்கார்டு பையன் ஒருவன். கழுத்தில் விசில். மனைவி கயிற்றுக்குப் பக்கத்தில் போனதும் கீழே குனிந்து கேட்டான்.

"நீச்சல் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்ப கயித்தத் தாண்டாதீங்க. எந்த ஊரு?"

"பெசன்ட் நகர் குப்பம்."

"மீன்காரங்களா? மீன்காரங்களுக்கே நீச்சல் தெரியலன்னா எப்பிடிம்மா!"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஐந்து தப்படி தள்ளி இருந்தேன். நான் சிரிக்கவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு சங்கு ஊதியது. எதிர்ச் சுவருக்குள்ளிருந்து அலை வந்தது. ஜனம் ஓவென்று கத்தியது. நான் அலையைப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். கடலில் அலை அப்படி வராது. சின்னதாக நாலு வரும், பிறகு பெரிது வரும், பிறகு கொஞ்சம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில்தான் படகைத் தள்ளுவோம். இங்கே இடைவெளி இல்லை. மூச்சு விட நேரம் கொடுக்காத அலை. அதோடு இரண்டு பக்கமும் சுவர். சுவரில் மோதியது திரும்பி வருகிறது. வலது மூலையில் திரும்புகிற அலையும் வருகிற அலையும் சேர்ந்து எகிறியது. அங்கே மட்டும் தண்ணீர் அடங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே தெரிந்தது. கட்டியவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மகள் கரைப் பக்கம் உட்கார்ந்து அலையில் புரண்டுகொண்டிருந்தாள். மச்சான் சறுக்குக்குப் போயிருந்தான். மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது மூலைக்கு நகர்ந்திருந்தாள். கை காட்டினேன், இந்தப் பக்கம் வா என்று. அவள் சிரித்துக்கொண்டே கை காட்டினாள். ரப்பர் டியூபில் இரண்டு தடியன்கள் அலையோடு வந்து அவள்மேல் மோதினார்கள். கயிறு கையிலிருந்து போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

முங்குகிறவர் கத்த மாட்டார். வாய் மேலே வரும்போது மூச்சைத்தான் இழுக்கும். கத்துவதற்கு நேரம் இருக்காது. கடலுக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்தில் நின்றவர்கள் அவள் குதிக்கிறாள் என்று நினைத்தார்கள். நான் நாற்காலியைப் பார்த்தேன். லைஃப்கார்டு அந்தப் பக்கம் திரும்பி விசில் ஊதிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பெரியவர் காட்டன் பனியனோடு இறங்கிவிட்டாராம். அவரை வெளியே வரச் சொல்லி ஊதுகிறான்.

மடியில் இருந்ததெல்லாம் விழுந்தது. லுங்கியை உருவிப் போட்டுக் குதித்தேன்.

முங்குகிறவரை முன்னால் போய்ப் பிடிக்கக் கூடாது. கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். இரண்டு பேரும் போக வேண்டியதுதான். பின்னால் போக வேண்டும். முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேலே வைத்து இழுக்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். அப்படித்தான் செய்தேன். அவளுக்கு நீளமான முடி. வசதியாக இருந்தது. அவள் கையை வீசினாள், என் முகத்தில் அடி விழுந்தது. விடாமல் இழுத்து வந்து கரையில் போட்டேன்.

போட்டதும் என் முதுகில் ஒரு அடி விழுந்தது.

"பொம்பள முடியப் புடிச்சி இழுக்குறான் பாரு!"

"குடிச்சிருக்கான்."

"டேய், யார்ரா நீ?"

ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். இரண்டு செக்யூரிட்டிகள் வந்து என் கையை முறுக்கினார்கள். மனைவி குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு வரவில்லை. அவளைத் திருப்பிப் பார்க்க ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னைப் பிடிப்பதில் இருந்தார்கள். மகள் ஓடி வந்தாள்.

"எங்க நைனா அது! வுடுங்க! அம்மா முங்கிடுச்சி, கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

அப்புறம்தான் கையை விட்டார்கள். என்னை அடித்தவன் கூட்டத்துக்குள் போய்விட்டான். லைஃப்கார்டு அப்போதுதான் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தான். அவளைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தான்.

"அண்ணே, இது காட்டன்" என்றான்.

ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஏ.சி. ரூம். மனைவியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துண்டு கொடுத்தார்கள். நான் நின்றேன். டவுசரிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. மேனேஜர் தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காட்டனோட எறங்கியிருக்கீங்க."

"ஆமா."

"போர்டு பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா எறங்குனீங்க?"

"அது முங்கிச்சு."

"அதுக்குத்தான் லைஃப்கார்டு இருக்காரு."

"அவரு விசில் ஊதிக்கினு இருந்தாரு."

மேனேஜர் ஒரு தாள் எடுத்து எழுதினார். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். நான் ஐந்தாவது வரைக்கும் போனவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மகளிடம் கொடுத்தேன். அவள் சத்தமாக வாசித்தாள். பார்க்கின் விதிகளை நாங்கள் மீறிவிட்டோமாம். அதனால் நடந்ததற்கு நாங்களே பொறுப்பாம். பார்க்கின் மேல் எந்தக் குறையும் இல்லையாம்.

"பொய் நைனா இது" என்றாள்.

"பாப்பா, பெரியவங்க பேசும்போது..." என்றார் மேனேஜர்.

"அதுதான் வாசிச்சுது. அது பேசட்டும்" என்றேன். "நான் போட மாட்டேன்."

"போட்டாத்தான் அனுப்ப முடியும்."

சரி என்று தரையில் குந்தினேன். வலை போட்டுவிட்டு ஒன்பது மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். மேனேஜருக்கு டீ வந்தது. குடித்தார். போன் வந்தது. பேசினார். வேறு ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மச்சான் வெளியே கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். கையால் என்ன என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். என்னைச் சுற்றித் தரையில் தண்ணீர் குளம் கட்டியது. அதைத் துடைக்க ஒரு அம்மா மாப்போடு வந்தாள். நான் நகர்ந்து கொடுத்தேன். துடைத்துவிட்டுப் போகும்போது என் மனைவி தலையைத் தொட்டு, "இப்ப பரவாயில்லியாம்மா?" என்று கேட்டாள். அந்த ரூமில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பார்க் மூடுகிற நேரம் வந்தது. மேனேஜர் தாளை மடித்து மேசைக்குள் போட்டார்.

"கெளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"நீ கூப்ட்டாலும் வர மாட்டோம்" என்றாள் மகள்.

கேட்டில் டோக்கனைக் கொடுத்துத் தூக்கை வாங்கினோம். மூடியைத் திறந்ததுமே தெரிந்தது. சோறு ஊசிப்போயிருந்தது. மனைவி ரோட்டோரத்தில் கொட்டினாள். பகல் முழுக்க நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை.

ஆட்டோவில் நான் பேசிக்கொண்டே வந்தேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன். உயிரைக் காப்பாற்றியவனுக்கு முதுகில் அடி. விசில் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் அடங்காத மூலைக்கு ஒரு ஆள் கிடையாது, காட்டனுக்கு மட்டும் ஆள் வைத்திருக்கிறான். இப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். மச்சான், "அக்காங் மாமா, அக்காங் மாமா" என்று ஆமாம் போட்டுக்கொண்டே ஓட்டினான். நீலாங்கரை தாண்டியதும் மனைவி வாயைத் திறந்தாள்.

"அந்தாளாண்ட நீ நாயம் கேட்ட. நல்லா கேட்ட. இப்ப உன்னாண்ட நான் ஒன்னு கேக்கட்டா?"

"கேளு."

"எனுக்கு நாப்பது வயசு ஆவுது. கடலாண்ட பொறந்தேன். கடலாண்டயே வாக்கப்பட்டேன். இன்னாத்துக்குய்யா எனுக்கு நீச்சல் தெரியாது?"

"அக்கா, வுடுக்கா, இப்பத்தான் பொழச்சி வந்துகினு கீற" என்றான் மச்சான்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்றா." என் பக்கம் திரும்பினாள். "அந்த விசில்காரன் சிரிச்சானே, அவன் கேட்டதுல இன்னா தப்பு? ஆறு வயசுல உன்னை உங்க நைனா கட்டுமரத்துலேர்ந்து தள்ளி வுட்டாரு. ஊரெல்லாம் பெருமையா சொல்லுவ. என்னை யாரு தள்ளி வுட்டா? இவ எறங்குனா. இவ முதுவுல போட்டது யாரு?"

"பொம்பளைங்க கடல்ல எறங்கறதில்ல. உனுக்குத் தெரியாதா?"

"அந்த டிசம்பர்ல கடல் வூட்டுக்குள்ள வந்துச்சே. நீ ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கினா வந்துச்சு?"

மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன். கொட்டிவாக்கத்தில் கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் கேட்டதற்கு என் அப்பாவிடமும் பதில் இருந்திருக்காது. எங்கள் குப்பத்தில் பொம்பளைப் பிள்ளைகள் வயதுக்கு வருகிற வரைக்கும் கணுக்கால் நனைக்கலாம். அதற்கப்புறம் மீனை வாங்குவதற்கு ஈர மணல் வரைக்கும் வரலாம். அதோடு சரி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மேனேஜரிடமாவது ஒரு மெஷின் இருந்தது. அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடிந்தது.

அதற்கப்புறம் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. அவளிடம் சங்கரா மீன் வாங்குகிற அடையாறு அம்மா ஒருவர் சொல்லியிருக்கிறார், தி. நகர் பக்கம் ஒரு நீச்சல் குளம், லேடீஸுக்குத் தனி நேரம், சொல்லித்தர ஒரு டீச்சர். திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். கூப்பிட்டதால் இல்லை. தண்ணீர் என்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது.

கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா? பொண்ணு மட்டும் கத்துக்கட்டும். உங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல?"

"முங்குனது நான்" என்றாள்.

அவர் முத்திரை குத்தினார்.

லேடீஸ் நேரம் எது தெரியுமா? மதியம் இரண்டிலிருந்து மூன்று. மே மாதத்தில். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆண்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆண்கள். தரையில் பூரி பொரிக்கிற வெயில் பெண்களுக்கு. குளத்தைச் சுற்றி சிமெண்ட் தரை, காலை வைக்க முடியாதாம். பெண்கள் செருப்போடு விளிம்பு வரைக்கும் போய், அங்கேயே கழற்றிவிட்டுக் குதிக்கிறார்களாம். இதை யார் முடிவு செய்தது என்று கவுண்டரில் கேட்டேன்.

"முன்னாடியிலேர்ந்து அப்படித்தான் சார்" என்றார்.

ஆட்டோவில் நான் சொன்னதும் அதுதானே.

ஆண்கள் உள்ளே போகக் கூடாது. வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தேன். மடியில் பைகள், செருப்புகள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். டீச்சரின் விசில் கேட்கும். விசில் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். மூன்று நாள் அப்படி எழுந்தேன். நாலாம் நாள் பழகிவிட்டது.

நைலான் சொந்தமாகவே வாங்கினார்கள், தி. நகர் ரோட்டுக் கடையில், கறுப்பில் இரண்டு. அதைத் துவைத்து எங்கள் சந்துக் கொடியில், என் லுங்கிக்குப் பக்கத்தில் காயப் போட்டாள். குப்பத்துக்கு அது போதாதா?

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஆரம்பித்தார்கள்.

"இன்னா மச்சி, தொங்குறது உன்துதா?"

"அவளுது."

"அண்ணி ஒலிம்பிக்கு போவுதா?"

"போனா உனுக்கு இன்னா? ஊசியப் பாத்துக் குத்து."

வயதானவர் ஒருவர் இருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "பொம்பள தண்ணில எறங்குனா பாடு இருக்காதுடா."

பாடு என்றால் எங்களுக்கு அன்றைய மீன். அந்த வாரம் எனக்குப் பாடு இல்லைதான். அவருக்கும் இல்லை. அவர் வீட்டுப் பெண் யாரும் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னோடு அவர் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பத்து நாள் ஆனதும் வீட்டில் வேறு தொந்தரவு. தாயும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக் கையை வீசிக் காட்டிக்கொள்கிறார்கள். மூச்சு எப்போது விடுவது, முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது. நான் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தண்ணிக்குள்ள வெக்கிற? முன்னால இன்னா வருதுன்னு எப்டி தெரியும்?"

"டீச்சர் அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க நைனா. தலைய தூக்கினு நீஞ்சினா அதுக்குப் பேரு நாய் நீச்சலாம்."

"இன்னாது?"

"நாய் நீச்சல்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கடலில் தலையைத் தூக்கி நீந்தியிருக்கிறேன். படகு கவிழ்ந்து இருட்டில் கரை வெளிச்சத்தைப் பார்த்து நீந்தி வந்திருக்கிறேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருந்தால் எந்த வெளிச்சத்தைப் பார்த்திருப்பேன்? நாயாம். அந்த டீச்சரை ஒரு நாள் எங்கள் கடலுக்குக் கூட்டி வந்து விட வேண்டும் என்று இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நீச்சல் வகுப்பின் கடைசி நாள். மூன்று மணிக்கு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். முகம் வெயிலில் கருத்திருந்தது. மனைவி ஈர முடியை உதறிக்கொண்டு என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். செருப்பைக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு கயித்தத் தாண்டுனேன்" என்றாள்.

அந்தக் குளத்திலும் நடுவில் ஒரு கயிறு இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

"அந்தப் பக்கம் எவ்ளோ ஆழம்?"

"எட்டு அடி."

"கால் எட்டாதே."

"எட்டல."

"அப்பால?"

"அப்பால இன்னா, திரும்பி வந்தேன்."

மகள், "நான் மூணு தபா" என்றாள்.

நான் பைகளை எடுத்தேன். பஸ் ஏறினோம். இறங்கி வீட்டுக்குப் போகாமல் மகள் நேராக மணலுக்குப் போனாள். நாங்களும் போனோம். சாயங்காலக் கடல். கரையில் படகுகள் ஏற்றியிருந்தார்கள். தின்பண்டக் கடைகளுக்கு வந்த ஜனம் தள்ளி இருந்தது.

"இங்க எப்ப நைனா?"

தண்ணீரைப் பார்த்தேன். கரையோரம் ஒரு இடத்தில் அலை உடையாமல் கலங்கி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இறங்கினால் இழுத்துக்கொண்டு போகும். வெளியூர்ப் பையன்கள் அங்கேதான் அலை இல்லை என்று நினைத்து இறங்குவார்கள். எத்தனை பேரை அங்கிருந்து தூக்கியிருக்கிறோம். சிலரைத் தூக்கும்போது உயிர் இருந்ததில்லை.

"இன்னிக்கு வேணாம். தண்ணி சரியில்ல."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் ஒரு தடவைகூடக் காரணம் சொன்னதில்லை. அந்தக் கலங்கலைக் கை காட்டினேன். இன்னது என்று சொன்னேன். இரண்டு பேரும் பார்த்தார்கள். மனைவிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, "ஆமா, கீது" என்றாள்.

"சரியில்லாத நாளு எது, சரியான நாளு எதுன்னு நீ பாத்துச் சொல்லு" என்றாள். "எறங்கறது நாங்க எறங்கிக்கிறோம். சரியா இருக்குற அன்னிக்கு சரியில்லன்னு மட்டும் சொல்லாத."

"ம்" என்றேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் வாசலில் நின்று பார்த்தேன். காற்று அடங்கியிருந்தது. கலங்கல் இல்லை. மணல் திட்டுக்கு உள்ளே தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. படகடியில், பாடு இருக்காது என்ற அந்தப் பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இவர்கள் நைலானோடு நடந்து போக வேண்டும். சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். யாருக்கும் தெரியாது.

உள்ளே போனேன். மனைவி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நல்லாத்தான் கீது" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.